ஜெர்மனியில் படிப்பும் வேலையும்: ஒரு கணக்குப் பாடம்

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், தாராசுரம்



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் ஒட்டியபோது, "கவிதை நிறைய வந்தாச்சு, உபயோகமா ஏதாவது எழுதிக் கொடுங்கப்பா" என்று எங்கள் துறை ஆசிரியர் சொன்னார். எனக்குக் கவிதை வராது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அந்த நோட்டு முழுக்க ஜெர்மனிதான். அது எப்படி என் கைக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர். முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார், அப்பா புடவையாக்கிக் கொடுப்பார், புடவைக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். போன மார்கழியில் என் மாமா ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை, பைக்குள் வழவழப்பான நோட்டீஸ். டிப்ளமோ முடித்த கையோடு ஜெர்மனிக்கு அனுப்புகிறோம், எல்லாம் சேர்த்துப் பதினைந்து லட்சம், போய் இறங்கியதிலிருந்து மாதா மாதம் ஒரு லட்சம் ரூபாய் கணக்கில் ஏறும், அதற்கு மேல் பார்ட் டைம் வேலை, அந்தச் சம்பளத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்.

எங்களிடம் இருப்பது ஒரு ஓட்டு வீடும் அதற்குள் ஒரு தறியும். "பத்திரத்தை வச்சா ரெண்டு வட்டிக்குக் கிடைக்கும் மச்சான், ரெண்டே வருஷத்துல மீட்டுடலாம்" என்றார் மாமா. அப்பா என் பக்கம் திரும்பி, "நீதானடா படிச்சவன். கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

படிச்சவன்! அந்த ஒரு வார்த்தை என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை.

நல்லவேளையாகப் பொங்கலுக்கு, பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் ஊருக்கு வந்தார். அவரும் நம்மைப் போல டிப்ளமோ. பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து முடித்து, இப்போது ஜெர்மனியில் சாக்சனி மாநிலத்துக் கெம்னிட்ஸ் நகரில் முதுநிலைப் படிப்பு. படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன். மூன்று நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதியதுதான் என் நோட்டு. விதிமுறைகளையும் தொகைகளையும் அரசுத் தளங்களில் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பூட்டிய கணக்கு

முதல் நாள் நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, போன உடனே மாசம் ஒரு லட்சம் கணக்குல வருமா?" என்பதுதான். அவர் சிரிக்காமல், "வரும் தம்பி. யார் காசுன்னு கேட்டியா?" என்றார்.

விஷயம் இதுதான். படிக்கப் போகிறவன் அங்கே போய்ப் பட்டினி கிடக்கக் கூடாது, அரசாங்கத்திடம் கையேந்தக் கூடாது என்பதற்காக, விசா கேட்கும்போதே ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை வங்கியில் கட்டிக் காட்டச் சொல்கிறார்கள். இந்தக் கணக்குக்கு ஷ்பெர்கோண்டோ என்று பெயர், அதாவது பூட்டிய கணக்கு. 2024 செப்டம்பர் முதல் இதற்கான தொகை 11,904 யூரோ. நம் கணக்கில் பதினொன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம். மொத்தமாக எடுக்க முடியாது. மாதம் 992 யூரோ மட்டும் திறந்துவிடுவார்கள்.

992 யூரோ என்றால் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். தோல் பைக்காரர் சொன்ன "மாதா மாதம் ஒரு லட்சம்" இதுதான் நண்பர்களே! நாம் வட்டிக்கு வாங்கிப் போட்ட பணம் நமக்கே பன்னிரண்டு தவணையில் திரும்பி வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை, மீதியைச் சொல்லவில்லை.

இந்த 992 எதற்குப் போகிறது? விடுதி அறை வாடகை முதல் செலவு, பெரிய நகரங்களில் அதிகம். மாணவர் மருத்துவக் காப்பீடு கட்டாயம், அது மட்டும் மாதம் 140, 150 யூரோ. வீட்டில் டி.வி. இல்லாவிட்டாலும் வானொலிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் பகிர்ந்துகொள்ளலாம். பல்கலைக்கழகக் கட்டணம் என்று பார்த்தால், அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் படிப்புக்குக் காசு வாங்குவதில்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும்தான். ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஆக ஊரைப் பார்த்துத்தான் சேர வேண்டும்.

இன்னொன்று. பிளஸ் டூ முடித்தவரே அங்கே இளநிலையில் நேராகச் சேர்ந்துவிட முடியாது. இங்கே ஒரு வருஷமாவது பட்டப் படிப்பு படித்திருக்க வேண்டும், அல்லது அங்கே ஷ்டூடியன்கோலெக் என்ற ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு, அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சி. அண்ணன் பி.இ. முடித்துவிட்டுப் போனதற்கு இதுதான் காரணம். 2022 நவம்பர் முதல் நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். என்ற சான்றும் வேண்டும், கட்டணம் 18,000 ரூபாய். வழவழப்பான நோட்டீஸில் இது ஒன்றும் இல்லை.

தபால் பெட்டியில் பெயர்

அங்கே போய் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அந்தத் தாள் இருந்தால்தான் மற்ற காரியங்கள் நகரும். வேலை செய்ய வரி எண் வேண்டும், அது தபாலில் வரும். அண்ணனுக்கு மூன்று வாரமாகியும் வரவில்லை. காரணம், வாசல் தபால் பெட்டியில் அவர் பெயரை ஒட்டவில்லை. நம் ஊரில் தபால்காரருக்கு அப்பா பெயர், தாத்தா பெயர், எந்த வீட்டில் எருமை இருக்கிறது என்பது வரை தெரியும். அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் அப்படி ஒரு ஆளே இல்லை. கடிதம் திரும்பிப் போய்விட்டது.

மற்றபடி அங்கே தினசரி வாழ்க்கை எப்படி என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கும், சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வைக்காவிட்டால் மென்சாவும் இல்லை, கஞ்சியும் இல்லை. மென்சா என்பது மாணவர் உணவகம், குறைந்த விலையில் மத்தியானச் சாப்பாடு கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. குப்பையைத் தாள், பிளாஸ்டிக், காய்கறிக் கழிவு என்று தனித்தனிப் பெட்டியில் போட வேண்டும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 செண்ட். மாதக் கடைசியில் பாட்டில்களைச் சேர்த்து எடுத்துப்போய் ரொட்டி வாங்கியதை அண்ணன் வெட்கப்படாமல் சொன்னார். டிசம்பரில் காலை எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டிவிடும். வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, வேலைக்குப் போகும்போதும் இருட்டு. "குளிரைக்கூடத் தாங்கிக்கலாம் தம்பி, வெயிலைப் பாக்காம இருக்கறதுதான் மனசை அரிக்கும்" என்றார். தாராசுரத்துக்காரனுக்கு வெயில் இல்லை என்று ஒரு துக்கம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

சாப்பாட்டுக்கும் ஆறுதலுக்கும் இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் போருக்குத் தப்பி ஜெர்மனிக்குப் போனவர்கள், அங்கேயே வேர்விட்டுக் கடை, உணவகம் என்று வைத்திருக்கிறார்கள். ஹாம் என்ற ஊரில் 2002இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரம் வைத்துக் கோயிலே கட்டியிருக்கிறார்கள், தேர் ஓடுகிறது. அண்ணன் ஒருமுறை டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் போய் வந்தார். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய மாதச் சீட்டு அது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்கப் போகலாம், ஆனால் விரைவு ரயிலில் ஏறக் கூடாது. நம் பாசஞ்சர் வண்டி மாதிரி மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விட்டதாம். கோயில் வாசலில் ஒரு பெரியவர் "தம்பி எவ்விடம்?" என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது என்றார்.

கையெழுத்தில்லாத வேலை

வேலைக்கு வருவோம். வெளிநாட்டு மாணவன் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன்பு இது 120, 240 ஆக இருந்தது. அரை நாள் என்றால் நாலு மணி நேரம். பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியருக்கு உதவியாளர் வேலை கிடைத்தால் அந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. சொந்தத் தொழில், கமிஷன் வேலை எல்லாம் தனி அனுமதி இல்லாமல் கூடாது.

ஆனால் அனுமதி வேறு, வேலை கிடைப்பது வேறு. அண்ணனின் படிப்பு ஆங்கிலத்தில். ஊரோ ஜெர்மன் பேசுகிறது. "ஜெர்மன் தெரியுமா?" என்ற முதல் கேள்வியிலேயே நாலு இடத்தில் கதவு மூடியது. நாலு மாதம் கழித்து ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. ஒப்பந்தம் இல்லை, மணிக்கணக்கு எழுதும் தாள் இல்லை. மாதக் கடைசியில் 50 மணி நேரத்துக்கு 25 மணி நேரச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, "மீதி அடுத்த மாதம்" என்றார்களாம். அடுத்த மாதமும் அதே. இப்படிக் கணக்கில் காட்டாத வேலையை அங்கே கறுப்பு வேலை என்றே சொல்கிறார்கள். காகிதம் இல்லாததால் கேட்க முடியவில்லை, கேட்டால் தன் விசாவுக்கு என்ன ஆகுமோ என்று பயம். விட்டுவிட்டு வந்துவிட்டார். வீட்டில் இதைச் சொல்லவில்லை. என்னிடம் சொல்லும்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், உள்ளே அவர் அம்மா இருந்தார்கள்.

பிறகு ஏ2 வரை மொழி படித்ததும் ஒரு கிடங்கில் முறையான வேலை. வாரத்தில் ஐந்து மாலை, ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை. இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஸ்கேனருடன் பெட்டி எடுத்து வைப்பது. ஒப்பந்தம் உண்டு, நேரம் எழுதும் தாள் உண்டு, வேலையில் அடிபட்டால் முதலாளி செலவில் விபத்துக் காப்பீடு உண்டு. ஒன்பதரைக்கு அறைக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தூக்கம். முதல் பருவத்தில் ஒரு பாடம் போய்விட்டது. அதையும் அவர் வீட்டில் சொல்லவில்லை.

இப்போது கணக்கு

ஜெர்மனியில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரி முதல் 13.90. இந்தக் கூலிக்கு, அனுமதித்த 280 அரை நாளையும் ஒன்று விடாமல் வேலை பார்த்தால், அதாவது தேர்வு வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் விடாமல் பார்த்தால், 280ஐ 4ஆல் பெருக்கி 1,120 மணி. அதை 13.90ஆல் பெருக்கினால் 15,568 யூரோ. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,297. இதில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கு 9.3 சதவீதம் பிடித்தம் போக 1,177 சொச்சம். சாப்பாடு, வாடகைக்கு 992 போனால் மிச்சம் ஏறத்தாழ 185 யூரோ, நம் பணத்தில் 18,500 ரூபாய்.

பதினைந்து லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாத வட்டி எவ்வளவு? முப்பதாயிரம். முதலில் ஒரு பைசா குறையாது.

இது உச்சபட்சக் கணக்கு. நிறைய மாணவர்களுக்குக் கிடைப்பது மினிஜாப் என்ற சிறு வேலை. 2026இல் அதன் வரம்பு மாதம் 603 யூரோ. 13.90ஆல் வகுத்துப் பாருங்கள், மாதம் 43 மணி நேரம். அதை வைத்து 992க்கு எட்டவே எட்டாது, 389 யூரோ துண்டு விழும். முதல் வருஷம் பூட்டிய கணக்கு அந்தத் துண்டை அடைக்கும். இரண்டாம் வருஷம் அனுமதியை நீட்டிக்கப் போனால் திரும்பவும் பணத்துக்கு வழி காட்டு என்பார்கள்.

படித்துக்கொண்டே பார்க்கும் வேலை ஒரு ஆளின் வயிற்றைக் கழுவும், அதுவே பெரிய விஷயம். கடனை அடைக்க வேண்டியது படிப்பு முடிந்து கிடைக்கும் வேலை. அண்ணன் இதுவரை வீட்டுக்கு அனுப்பிய தொகை பூஜ்யம். அவர் திறமைக் குறைவானவர் அல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நமக்கு இன்னொரு வாசல்

அப்படியென்றால் ஜெர்மனி வேண்டாமா? நோட்டின் பின்பாதி இதைப் பற்றியது. டிப்ளமோ மாணவர்களான நமக்கு இதுதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

அங்கே ஔஸ்பில்டுங் என்று ஒரு தொழிற்பயிற்சி முறை இருக்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள் தொழிற்சாலையில் வேலை கற்பது, மீதி ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியில் பாடம். மெக்கட்ரானிக்ஸ், தொழிற்சாலை மெக்கானிக், எலக்ட்ரீஷியன் வேலைகளுக்கு மூன்றரை வருஷம். இதில் முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை உண்டு. 2026இல் சேருகிறவருக்கு முதல் வருஷம் சட்டப்படி குறைந்தது மாதம் 724 யூரோ. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள உலோகத் தொழிற்சாலைகளில் ஆயிரத்துக்கும் மேல். அந்தத் தொகை செலவுக்குப் பற்றாவிட்டால்தான் மிச்சத்துக்குப் பணம் காட்ட வேண்டும். 2024 மார்ச் முதல் பயிற்சிக்கு வெளியே வாரம் 20 மணி நேரம் வேறு வேலையும் பார்க்கலாம்.

இதற்கு விலை ஒன்று உண்டு, அது ஜெர்மன் மொழி. பி1 நிலை வரை பேச, எழுத வர வேண்டும். பாடமும் ஜெர்மனில், மேஸ்திரி திட்டுவதும் ஜெர்மனில். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் சொல்லும் கெதே நிறுவனத்தில் தேர்வு எழுதலாம். பயிற்சி இடங்களை ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். ஏஜென்ட் மூலம்தான் போவேன் என்றால், வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும் தாண்டக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்டேன். தோல் பைக்காரர், "நாங்க வேலைக்கு அனுப்பலை தம்பி, கல்வி ஆலோசனை" என்றார்.

"வேற்று பாஷையை எப்படிடா படிப்பே?" என்று மாமா கேட்டார். அவருக்குத் தரங்கம்பாடியைச் சொன்னேன். 1706இல் சீகன்பால்கு என்ற இருபத்துநாலு வயது ஜெர்மானியர் அங்கே கப்பலில் வந்து இறங்கினார். அவர் பிறந்த புல்ஸ்நிட்ஸும் அண்ணன் இருக்கும் அதே சாக்சனியில்தான். தமிழ் ஒரு எழுத்து தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சே போட்டுவிட்டார். நம் எழுத்துகளைவிட அவர்களுடையது குறைவுதானே!

அப்பாவின் தறி

கணக்கை எழுதி முடித்து, ஒரு மாலை அப்பா தறிக்குழியில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். பூட்டிய கணக்கு வரைக்கும் பேசாமல் நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தவர் அங்கே நிறுத்தினார். "அப்ப நான் வாங்கிக் கொடுத்த பட்டையே எனக்குக் கூலின்னு எண்ணிக் குடுக்கறான்" என்றார். நான் நாற்பது பக்கத்தில் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பிறகு, "பக்கத்துத் தெருப் புள்ள சாப்பிடறானா?" என்று கேட்டார். சாப்பிடுகிறார், தானே சமைக்கிறார் என்றேன். மறுபடி நாடா ஓடத் தொடங்கியது.

பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது. மாமாவுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். "வந்த சீதேவியைத் தள்ளிட்டான்" என்று அம்மாவிடம் சொன்னாராம். ஒருவேளை நான் தப்பாகவும் இருக்கலாம் என்று சில ராத்திரி தோன்றும், விளக்கைப் போட்டுக் கணக்கை மறுபடி பார்ப்பேன். விடை மாறுவதில்லை.

இப்போது காலை ஐந்து முதல் ஆறு வரை ஜெர்மன். ஏ1 பாதி வந்திருக்கிறேன். அந்த மொழியில் மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், பெண் குழந்தை என்ற சொல் அலிப்பால், யார் வைத்தார்களோ! தறிக்கு டேர் வெப்ஷ்டூல் என்று பெயர், ஆண்பால். இதை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். "ஆம்பளையா? ராத்திரி பகல்னு உழைக்கறதப் பாத்தா அப்படித் தெரியலையே" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

நோட்டு வேண்டும் என்பவர்கள் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் வகுப்பில், ஜன்னல் ஓரக் கடைசி பெஞ்சில் கேட்கலாம். இரண்டு நாளில் திருப்பித் தந்துவிட வேண்டும். அண்ணனிடம் கேட்க இன்னும் பதினாலு கேள்வி அதில் பாக்கி இருக்கிறது.